அட்டைக்குப் பின்னால் ஒரு பொட்டு

ராஜபாளையத்தில் உணவுப் பொருள்களைப் பரிசோதிக்கிற தனியார் ஆய்வகம் ஒன்றில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பு பாண்டிசெல்வி. மிட்டாய், சர்பத், மசாலா, மிளகாய் வத்தல் தூள் என்று எது வந்தாலும், அதிலுள்ள நிறத்தை மட்டும் திரவத்தில் கரைத்துப் பிரித்தெடுத்து, அது வயிற்றுக்குப் போகலாமா, சேலைக்குத்தான் போகணுமா என்று சொல்வது அவள் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். பொட்டு வைத்துக்கொண்டு சாயப் பிரிவுக்குள் வரக்கூடாது, வைத்தே ஆகவேண்டும் என்றால் ஸ்டிக்கர் பொட்டு என்று சட்டம் போட்டதும் அவள்தான். கடைக் குங்குமத்தில் பாதிக்கு மேல் ரோடமைன் என்கிற துணிச்சாயம் இருக்கும். அதன் ஒரு துகள் விழுந்தாலும் மிசின் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படிப்பட்டவள் தினமும் காலையில் ஒரு காரியம் செய்தாள். மம்சாபுரத்தில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத் திருப்புவாள். பின்பக்கம் பிளாஸ்டிக் உறைக்குள் அவள் புருஷன் பொன்னுராஜின் சின்னப் போட்டோ இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக் கடையில் வாங்கிய குங்குமத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து, உறையின்மேல் அவன் நெற்றி இருக்கிற இடத்தில் ஒரு பொட்டு வைப்பாள். இறங்குவதற்குள் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிடுவாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. போய்விட்டது என்றே அவளும் நினைத்துக்கொள்வாள்.

பொன்னுராஜ் நூல் மில்லில் பிட்டர். கொரோனா இரண்டாவது அலையில் ஆஸ்பத்திரிக்குப் போனவனைப் பொதிந்து கட்டித்தான் கொடுத்தார்கள். நெற்றியில் காசு வைக்கக்கூட முகம் கிடைக்கவில்லை. வீட்டுச் சுவரில் மாட்டிய பெரிய போட்டோவுக்குப் பொட்டு வைப்பது மாமியார் இசக்கியம்மாள். இனிமேல் இவள் கை குங்குமத்தில் படக்கூடாது என்று பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறிவிட்டார்கள். இசக்கியம்மாள் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை.

அன்றைக்கு வந்தது செட்டியார்பட்டி தங்கச்சாமியின் வத்தல் தூள். சொந்தமாக அரைவை மில் வைத்திருப்பவர். முதல் தடவையாக அவர் தூள் கப்பலேறப் போகிறது. லோடு ஏற்றிய லாரி தூத்துக்குடிக்குக் கிளம்ப மில் வாசலில் நிற்கிறது. சாயம் இல்லை என்ற ரிப்போர்ட் சாயங்காலத்துக்குள் போனால்தான் லாரி நகரும். சாயம் இருக்கிறது என்று போனால் அந்த லோடு மட்டுமல்ல, அதற்கப்புறம் தங்கச்சாமி பெயர் போட்ட தூளை யாரும் கையால் தொடமாட்டார்கள்.

ஒரே பொட்டலத்திலிருந்து பாண்டிசெல்வி இரண்டு பங்கு எடுத்துத் தராசில் நிறுத்தாள். இரண்டையும் கரைத்து, குலுக்கி, சுழலவிட்டு, வடிகட்டி மிசினுக்குள் வைத்தாள். முதல் பங்கில், ரோடமைன் வரவேண்டிய இடத்தில் திரையில் ஒரு கோடு கூம்பாக எழுந்து நின்றது. இரண்டாவது பங்கில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

விஷயம் காதில் விழுந்து தங்கச்சாமி ஓடி வந்தார். நெஞ்சுவரை வத்தல் தூள் படிந்த சட்டையோடு வரவேற்பறையில் நின்றார்.

"தாயீ, எம் மில்லுல கலருங்கிற சாமானே கெடையாதும்மா. வேணும்னா ஆளு விட்டுத் தேடிப் பாருங்க."

"எல்லாரும் இப்படித்தான்யா சொல்றாங்க. மிசின் பொய் சொல்லாது."

அவள் குரலில் இரக்கம் இல்லை. கையும் களவுமாக அகப்பட்ட பிறகு சாமிமேல் சத்தியம் செய்தவர்கள் எத்தனையோ பேரை அவள் பார்த்திருக்கிறாள். பெரியவர் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

ஆய்வக மேலாளர் பாலகணேஷுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "ஒரே பொட்டலம். ஒண்ணுல இருக்கு, ஒண்ணுல இல்ல."

"தூள்தான சார்? சாயம் ஒரு ஓரமா நின்னிருக்கலாம்," என்றாள் பாண்டிசெல்வி.

"நின்னிருக்கலாம். நம்ம கையிலேருந்தும் விழுந்திருக்கலாம். நம்மகிட்டத்தான் தப்புன்னு காரணம் காட்டுனா இதத் தள்ளிட்டு, திரும்பச் செய்யலாம். காரணம் இல்லாம ஒரு முடிவத் தூக்கிப் போட முடியாது. போட்டா, பிடிக்காத முடிவையெல்லாம் தூக்கிப் போடுற எடமாயிரும் இது."

அதனால் விளக்குச் சோதனை வைத்தார். ஜன்னல்களை அடைத்து, ஊதா விளக்கைப் போட்டால், ரோடமைன் எங்கே ஒட்டியிருந்தாலும் கங்கு மாதிரி மினுங்கும். முதலில் தராசு மேசையைப் பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது. சாயப் பிரிவில் அவளுக்குக் கீழே வேலை பார்க்கிற ஜெபின் கையை நீட்டினான், ஒன்றுமில்லை. அதே பிரிவில் இருக்கிற மகாலட்சுமிக்குக் கல்யாணமாகிச் சில மாதம்தான் ஆகிறது. பாண்டிசெல்வியின் சட்டத்துக்குப் பயந்து வகிட்டுக் குங்குமத்தைக்கூட வீட்டிலேயே கழுவிவிட்டு வருகிறவள். அவளும் கையை நீட்டினாள், ஒன்றுமில்லை.

அடுத்தது பாண்டிசெல்வி. அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள். பாலகணேஷ் விளக்கை அணைத்துவிட்டார்.

"உங்களுக்கு எதுக்கு?" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

மரியாதையாகத்தான் சொன்னார். புருஷனை இழந்தவள், குங்குமம் இவள் பக்கம் எப்படி வரும் என்பது அதற்கு அர்த்தம். மகாலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். ஜெபின் ஜன்னலைத் திறக்கப் போனான். ஆமாம், எனக்கெதற்கு என்றுதான் பாண்டிசெல்வியும் நினைத்தாள். நினைத்த மறுகணமே கை கழுத்து அட்டைக்குப் போயிற்று.

தராசு அறைக் கதவு அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். எப்போதும் கதவைத் திறந்து உள்ளே போன பிறகுதான் கையுறை மாட்டுவாள். இன்றைக்கு உள்ளே இருந்த கையுறைப் பெட்டி காலி. வெளியிலேயே மாட்டிக்கொண்டு, அந்தக் கையாலேயே அட்டையைப் பிடித்துக் கதவில் காட்டினாள். அதே கையால் முதல் பங்கை நிறுத்தாள். அதற்கப்புறம் புதுப் பெட்டி வந்தது. கையுறையை மாற்றிக்கொண்டு இரண்டாவது பங்கை நிறுத்தாள்.

"அப்ப சாயம் இருக்குன்னே ரிப்போர்ட்டை அனுப்பிருவோம்," என்றார் பாலகணேஷ். "கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க."

அச்சான தாள் அவள் மேசைக்கு வந்தது. பேனாவை எடுத்தாள். ஜன்னல் வழியாக வேப்பமரத்தடி தெரிந்தது. தங்கச்சாமி போனில் யாரிடமோ, செத்த நேரம் பொறுங்க, செத்த நேரம் பொறுங்க என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அட்டையை ஒரு தரம் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், கதை முடிந்தது. ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. சொன்னால் வேலைக்குக் கேடு. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாமல் இத்தனை நாள் நெஞ்சோடு வைத்திருந்ததை நாலு பேர் முன்னால் விளக்கில் காட்ட வேண்டுமே, அதை நினைத்தால்தான் அவளுக்கு அழுகை முட்டியது. ஊர் வாய் சும்மா இருக்குமா? புருஷன் போன பிறகும் பையில் குங்குமம் வைத்துக்கொண்டு திரிகிறாள் என்று மம்சாபுரம் வரைக்கும் போய்ச் சேரும். அதற்குமேல் கதை கட்டுகிற புண்ணியவான்களும் உண்டு.

பேனாவை மூடினாள். நேராகப் பாலகணேஷ் அறைக்குப் போனாள்.

"சார், விளக்கைத் திரும்பப் போடுங்க."

"என்னத்துக்கு?"

"எனக்குப் பாக்கல."

ஜெபின் மறுபடியும் ஜன்னலை அடைத்தான். பாண்டிசெல்வி அட்டையைக் கழற்றி, பின்பக்கத்தைத் திருப்பி, விளக்கடியில் வைத்தாள். உறையின் ஓரமெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாக மினுங்கிற்று. நடுவே, பொன்னுராஜின் நெற்றியில், நாள் தவறாமல் துடைத்த பொட்டெல்லாம் சேர்ந்து முழு வட்டமாக எரிந்தது. அவளே அதை அப்போதுதான் பார்த்தாள். அழக்கூடாது என்றுதான் இருந்தாள், முடியவில்லை.

"நான்தான் சார் காரணம்," என்று அவளே சொன்னாள். கையுறை, கதவு, தராசு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

பாலகணேஷ் கடிகாரத்தைப் பார்த்தார். "ஜெபின், மகாலட்சுமி, ரெண்டு பேரும் முதல்லருந்து ஆரம்பிங்க. பாண்டிசெல்வி, நீங்க உள்ள வரக்கூடாது."

மிசின் ஓடி முடிகிறவரை அவள் வேப்பமரத்தடியில் நின்றாள். தங்கச்சாமியிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"மிசின் பொய் சொல்லாதுன்னியேம்மா?"

"மிசின் சொல்லலைய்யா. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கேன்."

"காலையிலேருந்து எஞ் சீவன் போயிப் போயி வருது. ஒரே சொல்லுல கள்ளப்பயலாக்கிட்டியே." தள்ளிப் போய் உட்கார்ந்தார். புதிதாகச் செய்கிற பங்கிலும் அந்தக் கூம்பு எழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு. இன்னொருவர் தூள் சுத்தமாக இருக்க வேண்டுமே என்று அவள் வேண்டிக்கொண்டது இத்தனை வருஷ வேலையில் அதுதான் முதல் தடவை.

வெயில் இறங்கின நேரத்தில் மகாலட்சுமி வாசலுக்கு வந்தாள். "ரெண்டு பங்கும் சுத்தமா இருக்குக்கா."

தங்கச்சாமி ரிப்போர்ட்டை வாங்கினார். லாரிக்காரனுக்குப் போன் போட்டுக்கொண்டே தெருவில் இறங்கிப் போய்விட்டார். இவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது.

விசாரணை முடிகிறவரை சாயப் பிரிவுக்குள் வரவேண்டாம் என்றார் பாலகணேஷ். தவறுக்குச் சாட்சி என்பதால் அட்டையைப் போட்டோவோடு உறையில் போட்டு ஒட்டினார். ஒட்டும்போது அவருக்கே கை தயங்கியது. "விதி இது. நான் என்ன செய்ய?" என்றார்.

"வேற போட்டோ இருக்காக்கா?" என்று கேட்டாள் மகாலட்சுமி.

"வீட்டுல இருக்கு. பெருசா."

மம்சாபுரத்துக்கு வந்து இறங்கியபோது கழுத்து வெறுமையாக இருந்தது. யாரோ சொல்லிக் கேட்பதற்குமுன் நாமே சொல்லிவிடலாம் என்று, அடுப்படியில் இருந்த இசக்கியம்மாளிடம் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். இசக்கியம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் பாண்டிசெல்வி குளித்துவிட்டு வந்தபோது, சுவரிலிருந்த பொன்னுராஜின் நெற்றி வெறுமையாக இருந்தது. குங்குமச் சிமிழ் திறந்தபடி போட்டோவுக்குக் கீழே பலகைமேல் இருந்தது.

"அத்தை, பொட்டு வைக்கலியா?"

அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"நீயே வையி, ஏட்டி. வச்சிட்டு, கைய நல்லா தேச்சுக் கழுவிட்டுப் போ. அந்த வத்தக்காரரு பாவம்."