காகிதத்துக்கு ஆகாத அறை

அந்த மருத்துவமனையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எக்ஸ்ரேக்காரர் என்றால்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே அறையில் ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு, வருகிறவர்களின் எலும்பையும் நெஞ்சையும் படம் பிடித்தவர். ஆளின் முகம் மறந்துபோகும், எலும்பு எங்கே முறிந்து எப்படிக் கூடியது என்பது மறக்காது. மருத்துவமனைக்கு வெளியே, பழைய காமிக்ஸ் சேர்ப்பவர்கள் நடுவே, அவருக்கு வேறொரு மரியாதை இருந்தது. எந்த இதழ் யாரிடம் இருக்கும், யார் கொடுப்பார், யார் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று அவரைத்தான் கேட்பார்கள்.

இந்தப் பித்து பிடித்தது முடிவெட்டும் கடையில். சிறுவயதில் அங்கே கிடந்த வார இதழில் ஒரு படக்கதை படித்தார். கலங்கரை விளக்கில் வேலை பார்க்கும் ஒரு பெண் கடத்தல்காரர்களைத் துரத்துகிற தொடர். படகு கவிழ்கிற இடத்தில் ‘தொடரும்’ போட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் கடைக்காரர் வேறு பத்திரிகைக்கு மாறிவிட்டார். முதல் சம்பளம் வாங்கிய பிறகு ஒரு நடைபாதைக் கடையில் அந்த அடுத்த இதழ் கிடைத்தது. முதல் கட்டத்திலேயே அவள் நீந்திக் கரையேறித் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். இதற்கா இவ்வளவு அலைந்தோம் என்று அங்கேயே விட்டிருக்கலாம். விடவில்லை. முந்தைய இதழைத் தேடினார், அதற்கும் முந்தையதைத் தேடினார். புலிவாலைப் பிடித்த கதைதான்.

பிறகு அந்தப் பத்திரிகையின் அச்சகம் மூடப்பட்டது. கழிவோடு கழிவாகத் தெருவுக்கு வந்த அட்டைகளில், ஓவியர் கையால் வரைந்த மூலப் படங்கள் இருந்தன. தடித்த அட்டையில் கறுப்பு மை. மைக்கு அடியில் அச்சில் விழாத நீலப் பென்சில் கோடுகள். தப்பாகப் போன இடங்களில் வெள்ளை மை. வசனங்களைத் தனித் துண்டுகளாக ஒட்டியிருந்தார்கள். பசை காய்ந்து பாதி உரிந்து தொங்கின. அச்சில் பார்த்த அந்தப் பெண்ணின் முகத்துக்கு ஓவியர் எத்தனை முறை மூக்கை மாற்றியிருக்கிறார் என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரிந்தது. அன்றிலிருந்து புத்தகங்கள் இரண்டாம் பட்சம் ஆகிவிட்டன. உயிர் அந்த அட்டைகளில் இருந்தது.

வீட்டில் அவரும் மனைவியும். மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். மகள் கல்யாணமாகி வெளியூர் போன பிறகு, படுக்கும் அறை போக இரண்டு அறைகள் மிச்சம். ஒன்று மகள் இருந்த, தெருவைப் பார்த்த முன் அறை. காலை வெயில் நேராகக் கட்டில் வரை வரும். மற்றது குளியலறையை ஒட்டிய பின் அறை. அதன் ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்தது.

முதலில் பின் அறையில்தான் சேகரிப்பை அடுக்கினார். ஒரு மழைக்காலம் போனதும் எடுத்துப் பார்த்தால் அட்டைகளில் பழுப்புப் புள்ளிகள். ஒரு மூலப் படத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது. அவர் அன்று சாப்பிடவில்லை. குளியலறைக் குழாயின் ஈரம் சுவருக்குள் இறங்கியிருப்பதைக் கையை வைத்தே கண்டுபிடித்தார். “இது காகிதத்துக்கு ஆகாத ரூம்” என்று மனைவியிடம் சொன்னார். மறுநாளே எல்லாம் மகளின் அறைக்கு இடம் மாறின. வெயில் பட்டால் மை வெளுக்கும் என்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டார். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கி வைத்தார். அது நாள் முழுக்க முனகிக்கொண்டிருக்கும். காலையில் எழுந்ததும் அதன் தொட்டியில் சேர்ந்த தண்ணீரைக் கொட்டுவதுதான் அவருடைய முதல் வேலை.

அவருக்கு ஒரே அக்கா. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், “லைன் பிஸியா இருந்துச்சு” என்று சொல்லிச் சிரிப்பார். அவர் வாடகைக்கு இருந்த வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், எக்ஸ்ரேக்காரர்தான் போய், நம் வீட்டுக்கு வந்துவிடு என்று அழைத்தார். மனசாரத்தான் அழைத்தார். அதில் கள்ளம் இல்லை.

கள்ளம் அக்கா பெட்டியோடு வந்து கூடத்தில் நின்றபோது வந்தது. எந்த அறை என்று யாரும் கேட்பதற்கு முன்பே அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தார்.

“பின் ரூம் அமைதியா இருக்கும்க்கா. முன்னாடி ஒரே ரோட்டுச் சத்தம். உனக்குத் தூக்கம் வராது.”

வாழ்நாள் முழுக்கக் காதில் மணிச் சத்தத்தோடு வேலை பார்த்தவளுக்குத் தெருச் சத்தம் ஒரு சத்தமா? அக்கா சரிடா என்று பின்னாலேயே போனார். மனைவி மட்டும் அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவர் கட்டிலைச் சுவரோரம் நகர்த்துகிற வேலையில் மும்முரமானார்.

கோடையில் ஒன்றும் தெரியவில்லை. மழை தொடங்கியதும் அக்காவுக்கு இருமல் வந்தது. சளி என்றார்கள், மருந்து குடித்தார். போகவில்லை. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். போர்வையைப் பகலில் சமையலறை நாற்காலியில் விரித்துக் காயவைத்தார். எதையும் குறையாகச் சொல்லவில்லை. எக்ஸ்ரேக்காரர் காலையில் மெஷின் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, “அந்தத் தண்ணியக் கொட்டாத, வாளியில ஊத்து, தரை துடைச்சுக்கறேன்” என்பார்.

ஒரு நாள் அக்கா ஸ்டூலில் ஏறிச் சுவரில் பூத்திருந்த கரும்புள்ளிகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எக்ஸ்ரேக்காரர் வாசலில் நின்று பார்த்தார். வெறும் தண்ணீரில் துடைத்தால் பூஞ்சை பரவும், பிளீச்சிங் பவுடர் கலந்து துடைக்க வேண்டும், மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். காகிதத்தோடு பழகி வந்த அறிவு அது. சொல்லிவிட்டு முன் அறைக்குப் போய், அந்த ஈரக்காற்று உள்ளே நுழையாதபடி கதவின் அடியில் ஒரு துணியைச் சுருட்டி வைத்தார். அந்த நிமிடத்தை நினைக்கும்போதெல்லாம், பிற்பாடு, எங்கே இருந்தாலும் அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

அவருக்குத் தெரியாமல் இல்லை. சுவர் வழியாக ஒரு பக்கம் இருமல் கேட்கும், மறு பக்கம் மெஷினின் முனகல் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் அவர் படுத்திருந்தார். மழை விடட்டும், குழாயைச் சரிசெய்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மழை விட்டது. குழாய் அப்படியே இருந்தது.

மனைவிக்குப் பொறுமை போயிற்று. ஒரு நாள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நாத்தனாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். டாக்டர் நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார். எக்ஸ்ரே அறைக் கதவைத் திறந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டவர், டோக்கனோடு எழுந்து வந்த அக்காவைப் பார்த்தார். பின்னால் பெஞ்சில் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தார்.

அக்காவைப் பலகைக்கு முன் நிறுத்தினார். தாடையை மேலே தூக்கி வைத்தார். தோளை முன்னால் தள்ளும்போது, கைக்குள் எலும்புதான் வந்தது. இவ்வளவு இளைத்துவிட்டாளா? கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றதும், பழக்கதோஷத்தில் எல்லோரிடமும் பேசுகிற மாதிரியே வாயில் வந்தது.

“மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க.”

அக்கா இழுத்தார். பிடிக்க முடியவில்லை. உடம்பே குலுங்கும்படி இருமினார். படம் கலங்கிப்போனது. மறுபடி நிற்க வைத்தார், மறுபடி இருமல். அக்கா பலகையைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னார்.

“உன் வேலைய ரொம்பக் கெடுக்கறேன்டா.”

அவர் மீண்டும் தாடையைத் தூக்கி வைத்தார். ஒருவழியாகப் படம் விழுந்தது.

டாக்டர் பார்த்துவிட்டு, பயப்படுகிற மாதிரி கட்டியோ காசமோ இல்லை என்றார். ஆனால் மூச்சுக்குழாய் அழற்சி நாள்பட்டதாக இருந்தது. வீட்டில் ஈரச்சுவர், பூஞ்சை, பழைய காகிதத் தூசி ஏதாவது உண்டா என்று கேட்டார். படத்தைக் கொண்டுவந்த சாக்கில் எக்ஸ்ரேக்காரரும் அங்கேதான் நின்றார்.

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டாக்டர். தம்பி வீடு நல்ல வீடு” என்றார் அக்கா.

மனைவி எக்ஸ்ரேக்காரரின் முகத்தையே பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். அவர்கள் போய்விட்டார்கள்.

தன் அறைக்குத் திரும்பி, அடுத்து வந்தவருக்கு வலது கைக்குப் பதில் இடது கையைப் படம் எடுத்தார். அப்படி ஒரு தவறு அவரிடம் நடந்ததே இல்லை. அந்த ஆளை உட்காரச் சொல்லிவிட்டு, கவசத்தைக்கூடக் கழற்றாமல் டாக்டரின் அறைக்குப் போனார். வீட்டில் ஈரச்சுவர் உண்டு, அக்காவை அங்கேதான் படுக்க வைத்திருக்கிறேன், பூஞ்சை இருப்பது எனக்கு முன்பே தெரியும் என்று நின்றபடியே சொன்னார். ஏன் என்று டாக்டர் கேட்டார். வேறு அறையில் காமிக்ஸ் புத்தகங்கள் இருக்கின்றன என்றார். டாக்டர் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. ரூமை மாற்றாமல் நான் எழுதின மருந்தால் பிரயோஜனம் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் முன் அறையைக் காலி செய்ய ஆரம்பித்தார். கறுப்புத் துணியைப் பிடித்து இழுத்ததில் கம்பியோடு பெயர்ந்து வந்தது. அக்கா வாசலில் வந்து நின்றார்.

“இப்ப எதுக்குடா இதெல்லாம்?”

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். அந்த ரூம் ஆகாதென்று எனக்கு முன்னாடியே தெரியும்க்கா, புத்தகம் கெட்டுப்போகுதுன்னுதான் இங்கே மாத்தினேன், தெரிஞ்சேதான் உன்னை அங்கே விட்டேன் என்று சொல்லி முடித்தார். அழுகை வரும் என்று நினைத்தார். வரவில்லை.

அக்கா கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

“தெரியும்டா. வந்த மறுநாளே உன் வீட்டுக்காரி சொல்லிட்டா.”

“அப்ப ஏன்க்கா என்கிட்ட கேக்கல?”

“கேக்கலாம்னுதான் இருந்தேன். கேட்டு, நீ யோசிச்சுட்டேன்னா என்ன பண்றது? அதுக்கு இருமிட்டுப் போயிடலாம்.”

அவர் பெட்டியைத் தூக்கக் குனிந்தார். மனைவி வந்து பெட்டியின் மறுமுனையைப் பிடித்தார்.

அன்றே அக்காவின் கட்டில் முன் அறைக்கு வந்தது. மெஷினையும் அங்கேயே விட்டார். சேகரிப்பு முழுவதையும் கொண்டுபோய்ப் பின் அறையில், ஈரச் சுவரை ஒட்டியே அடுக்கினார். எங்கேயாவது உயரத்தில், பலகை போட்டு வைக்கலாமே என்று மனைவி சொன்னார். வேண்டாம் என்றுவிட்டார். தினமும் காலையில் போய்ப் பெட்டியைத் திறந்து பார்ப்பார். புள்ளிகள் வர ஆரம்பித்தன. கலங்கரை விளக்குப் பெண்ணின் படத்தில் வானம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு படர்ந்தது. பார்த்துவிட்டு மூடி வைப்பார். ஏதோ ஒரு கணக்கு நேராவது போல இருக்கும்.

அக்கா அதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் பின் அறைக்கே வந்துவிட்டார்.

“காகிதம் என்னடா பாவம் பண்ணுச்சு?”

அவர் திறந்திருந்த பெட்டியை மூடினார்.

“நீ உன்னத் தண்டிச்சுக்கறத நான் தினம் உக்காந்து பாக்கணுமா? முதல்ல உன் புத்தகத்துக்காக நான் இருமினேன். இப்ப உன் மனசாட்சிக்காகவா? எடுத்து யாருக்காவது குடு. ஜன்னலத் திற.”

அது அவருக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. தான் செய்துகொண்டிருந்ததும் தன்னைப் பற்றிய வேலைதான் என்பது அவருக்கு உறைக்க இரண்டு மூன்று நாள் ஆனது. சேகரிப்பவர்களில் வக்கீலம்மா ஒருவர் உண்டு. அதே தொடரின் மூலப் படங்களுக்காக வெகுகாலம் அவரிடம் கேட்டு, ஒவ்வொரு முறையும் இல்லை என்ற பதிலோடு திரும்பிப் போனவர். அவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஏன் என்று அவர் கேட்டார். எங்கள் வீட்டில் வைக்க இடமில்லை என்றார் எக்ஸ்ரேக்காரர். வக்கீலம்மா பூஞ்சை பிடித்த அட்டைகளைத் தூக்கிப் பார்த்தார், அவரையும் பார்த்தார். இப்படியா வைத்திருப்பீர்கள் என்று கோபப்பட்டார். அவர் அதற்கும் தலையாட்டினார். வண்டி போன பிறகு குழாய்க்காரரை வரச் சொன்னார்.

அக்காவின் நெஞ்சு முழுதாகச் சரியாகவில்லை. வெயில் வருகிற அறையில் இருமல் குறைந்தது, எடை ஏறியது, பழைய கேலியும் திரும்பியது. ஆனால் மூச்சுக்கான பம்ப் கைப்பையில் எப்போதும் இருக்க வேண்டியதாகிவிட்டது. வேகமாக நடக்க முடியாது. ஒரு மழைக்காலம் முன்பே வந்திருந்தால் இவ்வளவு தேய்ந்திருக்காது என்று டாக்டர் சொன்னதை எக்ஸ்ரேக்காரர் அக்காவிடம் சொல்லவில்லை. மனைவியிடம் சொன்னார். மனைவி கேட்டுக்கொண்டார். ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை.

வீடு மாடியில். அக்காவும் அவரும் கடைக்குப் போய்த் திரும்பினால் படிக்கட்டின் திருப்பத்தில் அக்கா நின்றுவிடுவார். ஒரு கை கைப்பிடியில், ஒரு கை நெஞ்சில். எக்ஸ்ரேக்காரர் பின்னால் இரண்டு படி கீழே நின்றுகொண்டு, சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் கையை விட்டுத் தேடுவார். அக்காவின் மூச்சு சீராகும் வரை தேடுவார். பிறகு அக்கா மேலே பார்த்தபடியே, “சாவி கிடைச்சுதாடா?” என்று கேட்பார். கிடைச்சுதுக்கா என்பார். இருவரும் ஏறுவார்கள்.