உட்புறத்தில் ஒரு கீறல்

பையின் முடிச்சை அவிழ்க்கும் முன் கிகுனி சுற்றிலும் பார்ப்பார். வாழைத்தோப்புப் பக்கம் ஒருமுறை, மனைவி வாபிவாவின் பக்கம் இரண்டுமுறை. பிறகுதான் முகமூடியை வெளியே எடுத்து முகர்ந்து பார்ப்பார். உள்ளங்கை அளவு மரமுகம், வெள்ளைமண் பூச்சு, மோவாயில் நார்த்தாடி. இறந்துபோன அண்ணனுடையது. ஊர்ப் பெரியவர்களின் ப்வாமி சபை வாரிசை முடிவு செய்யும்வரை காவல் இவருடையது.

"எலியக்கூட யாரோ ஏவித்தான் விடறாங்க" என்பார். யாராவது வாழைக்கள் ஊற்றிக் கொடுத்தால், கொடுத்தவனே முதலில் குடிக்க வேண்டும். அவன் குடித்துவிட்டால், "ஏன்டா இவ்வளவு அவசரமா குடிச்சே?" என்று கேட்பார்.

"கட்டிக்கிட்டு முப்பது வருஷமாச்சு. என் மூஞ்சிய இந்த மனுசன் ஒருநாளும் இப்படிப் பாத்ததில்ல" என்பாள் வாபிவா, மரவள்ளி இலையை இடித்தபடி.

சென்ற மழைக்காலத்தில், பழைய முகமூடி வாங்கும் வியாபாரி ஒருவன் புகாவு நகரத்திலிருந்து வந்து, கிகுனியின் தங்கை மகன் முலொண்டா வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனான். அவ்வளவுதான். முலொண்டா போலி ஒன்றைச் செய்து மாற்றிவிட்டால்? அசல் எது என்று தெரிய, கிகுனி முகமூடியின் உட்புறத்தில் கத்திமுனையால் ஒரு கீறல் போட்டு வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

சபை கூடிய அன்று எல்லா வீட்டு முகமூடிகளையும் வேலியில் வரிசையாக மாட்டியிருந்தார்கள். மூத்தவர் கியாங்கா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றில் அவர் கை நின்றது.

"தாத்தா காலத்து மரத்துல நேத்து வெட்டின காயம் எப்படி வந்துச்சு கிகுனி? பழச வித்துட்டு, புதுச செதுக்கிக் கொண்டாந்தியா?"

கிகுனி முலொண்டாவைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், தங்கை மகனையே திருடன் என்று சபை நடுவே சொன்னதாகும். சொல்லாவிட்டால் திருடன் அவரேதான்.

"அவரு போட்ட கீறல்தான் ஐயா" என்று பெண்கள் பக்கமிருந்து எழுந்தாள் வாபிவா. "என் கறிச்சட்டி அடியிலயும் இதே கீறல் கிடக்கு. மம்மட்டிப் பிடியிலயும் கிடக்கு. நான் அசந்து தூங்கினா என் நெத்தியிலயும் போட்டிருப்பாரு."

கூட்டம் சிரித்தது. சட்டியைக் கொண்டுவரச் செய்து கியாங்கா இரண்டு கீறலையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"திருடன் இல்ல. ஆனா சொந்த வீட்டு ஆளையே நம்பாத கையில பை இருக்கக்கூடாது. வாரிசு முடிவாகும்வரை முலொண்டா வீட்டுக்குப் போகட்டும்."

"அவன் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லியே ஐயா!" என்றார் கிகுனி.

"போட்டுக்கறேன் மாமா" என்றான் முலொண்டா, பையைத் தோளில் மாட்டியபடி.

கிகுனி தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே நடந்தார். முலொண்டா வீட்டு வாசலுக்கு நேர் எதிரே அதைப் போட்டு, சாயாமல் இருக்க ஒரு காலின் கீழே கல் ஒன்றைச் செருகி, கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.