சென்றடையாத தேதி

நெத்திலிக்குத் தலை கிள்ளும் வேலை ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நடக்கும். ஆங் மோ கியோ வீட்டுச் சமையலறைத் தரையில் பழைய நாளிதழை விரித்து, தேக்கா சந்தையில் வாங்கிய காய்ந்த நெத்திலியை நடுவில் கொட்டி, உம்மா ஒரு பக்கமும் அதீஃப் ஒரு பக்கமும் உட்காருவார்கள். தலையைக் கிள்ளி, வயிற்றில் இருக்கும் கறுப்பை எடுத்துப் போட வேண்டும். பேச்சு தேவைப்படாத வேலை. முப்பத்திரண்டு வயது மகனுக்கு அது வசதியாக இருந்தது.

அன்று உம்மா பேசினார்.

"'திருத்திய தேதி தளத்தைச் சென்றடையவில்லை'ன்னு எழுதியிருக்கே. ஏன்டா, அந்தத் தேதிக்கு என்ன காலா இருக்கு, தானா நடந்து போய்ச் சேர?"

அதீஃபின் கை நின்றது. "உம்மா, அது ஆபீஸ் விஷயம்."

"நானும் அந்த ஆபீஸ்தான்லா."

உண்மைதான். நகரத்தின் பெரிய கட்டடங்களுக்குக் குழாய் வழியே குளிர்நீர் அனுப்பும் நிறுவனம் அது. மூவாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். உம்மா பதுருன்னிசா எட்டாவது மாடி, அதீஃப் நான்காவது மாடி. இருவரும் தாயும் மகனும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. சிங்கப்பூர் அடையாள அட்டையில் ஒவ்வொருவர் பெயருக்கும் பின்னால் நிற்பது தகப்பன் பெயர்தான். அதீஃப், சாகுல் ஹமீதின் மகன். பதுருன்னிசா, முகம்மது காசிமின் மகள். இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. நான்கு வருடங்களுக்கு முன் வேலையில் சேர்ந்த அன்றே அதீஃப் உம்மாவிடம் கேட்டுக்கொண்டான்: "யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்களாலதான் வேலை கிடைச்சுதுன்னு பேசுவாங்க." உம்மா சரி என்றார்.

அது பாதிக் காரணம். மீதிக் காரணத்தை அவன் சொல்லவில்லை. எட்டாவது மாடியில் உம்மாவுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. ஃபிளாஞ்ச் ஆன்ட்டி.

ஃபிளாஞ்ச் என்பது குழாயோடு குழாயைப் பூட்டும் இரும்பு வளையம். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படித்து, பதினைந்து வருடம் வரைபடம் வரைந்து, நாற்பத்தொரு வயதில் திட்ட மேலாளரான பதுருன்னிசா, தன் மூன்றாவது திட்டத்தில் நூற்று நாற்பது வளையங்களைத் தப்பான அளவில் தருவித்துவிட்டார். ஒரு துளைகூடப் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்.

பின்னால், திட்ட மேலாளர்கள் தங்களுக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஏதாவது ஏற்பாடு செய்யும்படி நிர்வாகம் கேட்டபோது, உம்மா வியாழக்கிழமை மதியக் கூட்டத்தைத் தொடங்கினார். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வரலாம். வெற்றிக்கதை சொல்லக் கூடாது. ஒருவர் தான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும், முதல் சொல் 'நான்' ஆக இருக்க வேண்டும். புதியவர்கள் வரும்போதெல்லாம் உம்மா அந்த வளையத்தைக் கையில் கொடுத்துச் சுற்றிவரச் செய்து, தன் கதையையே முதலில் சொல்வார். பதினோரு வருடங்களாகச் சொன்னார். சிரிப்பார்கள். நான்காவது மாடி உணவறையில் அதை நடித்துக் காட்டுகிறவர்கள்கூட இருந்தார்கள். ஒருமுறை அதீஃபும் அங்கே உட்கார்ந்திருந்தான். அவனும் சிரித்தான்.

வீட்டிலும் உம்மாவின் விதி அதுதான். ஆறு வயதில் அவன், "உம்மா, டம்ளர் உடைஞ்சிடுச்சு" என்று வந்து நின்றால், "உடைஞ்சுதா, உடைச்சியா?" என்று கேட்பார். "உடைச்சேன்" என்ற பிறகுதான் துடைப்பத்தை எடுப்பார். அடி விழாது. ஆனால் அந்தச் சொல் வந்தாக வேண்டும்.

சென்ற மாதம் நடந்தது இது. ஓர் அலுவலகக் கட்டடத்தில் வால்வு மாற்றும் வேலை. அதீஃப் திட்ட மேலாளர். குளிர்நீரை நிறுத்தும் தேதி கடைசி நேரத்தில் இரண்டு நாள் தள்ளிப்போனது. புதிய தேதியை அவன் பழைய பெயர்ப்பட்டியலுக்கு அனுப்பிவிட்டான். அந்தப் பட்டியலில் தள மேற்பார்வையாளர் அங்கமுத்து இல்லை. அங்கமுத்து தனக்குச் சொல்லப்பட்ட தேதியில் வால்வை மூடினார். ஆறாவது மாடியில் கணினிகள் இருந்த அறை சூடேறி, அரை நாள் எல்லாம் நின்றுபோயின.

யாரையாவது நீக்க வேண்டியிருந்தது. ஒப்பந்த நிறுவனம் அங்கமுத்துவைத் தளத்திலிருந்து எடுத்தது. பதினான்கு வருடமாக இங்கே வேலை பார்க்கும் மனிதர். இந்த மாதக் கடைசியில் அவருடைய வேலை அனுமதி முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதீஃப் எழுதிய அறிக்கையில், தேதி சென்றடையவில்லை.

உம்மாவின் கையெழுத்து இல்லாமல் எந்தத் திட்ட அறிக்கையும் நிறுவனக் காப்பகத்துக்குள் போகாது. ஆள் இல்லாத வாக்கியத்தைக் கண்டால் ஓரத்தில் 'யார்?' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். இயக்குநரின் அறிக்கைகூட ஒருமுறை அப்படித் திரும்பியிருக்கிறது. அதீஃபின் அறிக்கை வெள்ளிக்கிழமை கையெழுத்தாகி வந்தது. ஓரத்தில் ஒன்றும் இல்லை. தப்பித்தோம் என்று நினைத்தான்.

"அந்த அங்கமுத்துகிட்ட போன்ல பேசினேன்" என்றார் உம்மா, நெத்திலியைப் பார்த்தபடி. "புதுத் தேதி வரவே இல்லைங்கிறாரு. உன்மேல ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல. 'அதீஃப் சார் பாவம், பிஸியா இருந்திருப்பாரு'ங்கிறாரு."

அதீஃப் இன்னொரு நெத்திலியை எடுத்தான்.

"வியாழக்கிழமைக் கூட்டத்துல இடம் இருக்கு. வந்து சொல்றியா?"

"சொன்னா என் பிரமோஷன் போயிடும். உங்களுக்கென்ன, மார்ச்சுல ரிட்டயர் ஆயிடுவீங்க. ஊரே உங்களப் பாத்துச் சிரிக்குது, அது தெரியுமா உங்களுக்கு? ஃபிளாஞ்ச் ஆன்ட்டி, ஃபிளாஞ்ச் ஆன்ட்டின்னு. நானும் போய் அங்க நிக்கணுமா?"

உம்மா ஒரு தலையைக் கிள்ளிப் போட்டார். "தெரியும்டா. நல்ல பேருதானே. என்னோட பேர அவங்களுக்கு ஒழுங்காச் சொல்ல வராது. பட்ருனீசாங்கிறாங்க."

அவன் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு அறைக்குப் போய்விட்டான். மீதி நெத்திலியை உம்மாவே கிள்ளி முடித்தார்.

புதன்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது உம்மா குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. மருத்துவமனையில் இருபது நிமிடம் இருந்தார். தகப்பனார் சாகுல் ஹமீது இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. செய்ய வேண்டியதை எல்லாம் அதீஃப் ஒருவனே செய்தான். பிற்பகல் தொழுகையான அஸருக்கு முன்பே சுவா சூ காங் இடுகாட்டில் அடக்கம் முடிந்துவிட்டது.

ஜனாஸாவை எடுப்பதற்கு முன் அலுவலகத்திலிருந்து நாற்பது பேர் வந்தார்கள். நான்காவது மாடிக்காரர்களும் இருந்தார்கள். வாசலில் நின்று வரவேற்றவனைப் பார்த்து, உம்மாவோடு வேலை பார்த்த அனுப்ரியா என்ற இளம் மேலாளர், "அதீஃப்! நீங்க எப்படி இங்க? சொந்தமா?" என்று கேட்டாள்.

"எங்க உம்மா."

அவள் உள்ளே பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "நாலு வருஷமா ஒரே லிஃப்ட்ல போறோம்" என்றாள். உணவறையில் நடித்துக் காட்டியவர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றினார்கள். அவர்கள் வெட்கப்படுவதைப் பார்த்தபோதுதான் அவனுக்கு உடம்பு கூசியது. சிரித்தபோது அது யாருடைய உம்மா என்று அவர்களுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாலை அனுப்ரியா மறுபடி வந்தாள். உம்மாவின் மேசையில் இருந்த பொருள்களை ஒரு பையில் கொண்டுவந்திருந்தாள். அடியில் வளையம் இருந்தது. கனத்தது.

"நேத்துக் கூட்டத்தைக் கேன்சல் பண்ணல" என்றாள். "ஆன்ட்டி நாற்காலியக் காலியா விட்டுட்டு நடத்தினோம். ஆனா ஒண்ணு புரியல." ஒரு தாளை நீட்டினாள். கூட்டத்தில் யார் எதைப் பற்றிப் பேசுவது என்று உம்மா திங்கட்கிழமையே எழுதி ஒட்டும் தாள். நேற்றைய தேதிக்கு நேரே பதுருன்னிசா என்று இருந்தது. பக்கத்தில் ஒரே வரி: நான் தெரிந்தே கையெழுத்திட்டேன்.

"ஆன்ட்டி எப்பவும் ஃபிளாஞ்ச் கதைதானே சொல்வாங்க. இது எந்தக் கையெழுத்துன்னு யாருக்கும் தெரியல. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியல" என்றான் அதீஃப்.

உம்மா இறந்து இரண்டு நாள். செவ்வாய்க்கிழமை இரவு அவர் கழுவி வைத்த சாப்பாட்டுப் பெட்டி இன்னும் அலமாரியில் ஏறவில்லை. அவருடைய மேசைப் பொருள்களைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னான்.

அவள் போன பிறகு வளையத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். கணக்கு நேராகவே இருந்தது. மகனின் அறிக்கை என்பதால் உம்மா அதை வேறொருவரிடம் தள்ளியிருக்க வேண்டும். தள்ளினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொல்ல அவன் விடவில்லை. திருப்பி அனுப்பியிருந்தால் அவன் மாட்டியிருப்பான். அதனால் பதினோரு வருடத்தில் முதல்முறையாக, ஆள் இல்லாத ஒரு வாக்கியத்தின் கீழ் கையெழுத்துப் போட்டார். பிறகு அது அவரால் பொறுக்க முடியவில்லை.

இப்போது அறிக்கையைத் திருத்தினால் உம்மாவின் கையெழுத்தும் வெளியே வரும். இறந்தவர் பேர் கெடும். இதை நினைத்தபோது அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது. உம்மாவின் மானத்துக்காகவே பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. அந்த நிம்மதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்ததும் எழுந்துபோய் முகத்தைக் கழுவினான். உம்மா தன் பெயரைத் தானே எழுதி, எட்டாவது மாடிச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார். அவனுடைய காவல் அவருக்குத் தேவைப்படவில்லை.

சனிக்கிழமை காலை மடிக்கணினியைத் திறந்து அந்த ஒரு வாக்கியத்தை மாற்றினான். 'நான் திருத்திய தேதியைப் பழைய பட்டியலுக்கு அனுப்பினேன். அங்கமுத்துவுக்கு அனுப்பவில்லை.' எட்டுச் சொற்களுக்கு நாற்பது நிமிடம் ஆனது. கீழே இன்னொன்றும் சேர்த்தான்: 'இந்த அறிக்கையில் கையெழுத்திட்டவர் என் தாய். இந்த உறவை மறைக்கச் சொன்னவன் நான்.' துறைத் தலைவருக்கும் ஒப்பந்த நிறுவனத்துக்கும் அனுப்பினான். திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லித் துறைத் தலைவரிடமிருந்து பதில் வந்தது. ஒப்பந்த நிறுவனத்திலிருந்து ஒன்றும் வரவில்லை.

தண்ணீர் எடுக்கப் போனபோதுதான் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்துக்கு அடியில் இருந்த சீட்டைப் பார்த்தான். உம்மாவின் கையெழுத்து. மூன்று வரி. சலவைத்தூள். மின்விசிறி ஆளுக்குப் போன். ஞாயிறு 5 மணி, ஃபேரர் பார்க், அங்கமுத்து, நேரில் சொல்ல.

ஞாயிறு மாலை சிராங்கூனில் ரயில் மாறினான். உம்மாவின் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். பூன் கெங் நிலையம் தாண்டியதும் அது ஒலித்தது.

"அக்கா, நான் வந்துட்டேன். டீக்கடை வாசல்லதான் நிக்கிறேன். இப்பவே டீ சொல்லவா, நீங்க வந்ததும் சொல்லவா?"

"அக்கா இல்லண்ணே. அவங்க மகன் பேசுறேன்."

"மகனா? அட, அக்கா அன்னிக்கு அவ்வளவு நேரம் பேசினாங்க, மகன் இருக்கறதாச் சொல்லவே இல்லியே! தம்பி பேரென்ன?"

"நான்தான் சொல்ல விடல. அதீஃப்."

அந்தப் பக்கம் பேருந்து ஒன்று போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"வால்வு வேலை பாத்த அதீஃப்தான்" என்றான் அவன்.

"சார்" என்றார் அங்கமுத்து. தம்பி போய்விட்டது. "அக்கா எங்க சார்?"

"தவறிட்டாங்க. புதன்கிழமை."

"எனக்கு யாரும் சொல்லலியே சார்" என்றார். "ஒரு விஷயம் நேர்லதான் சொல்லணும்னு வரச் சொன்னாங்க. என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

போனிலேயே சொல்லிவிடலாம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நாக்கு நுனிவரை வந்தது.

"அங்கேயே இருங்கண்ணே" என்றான். "வந்துட்டேன்."

ஃபேரர் பார்க் என்று அறிவிப்பு வந்தது. சட்டைப்பையில் உம்மாவின் சீட்டு இருந்தது. முதல் இரண்டு வரிகளும் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. மூன்றாவது வரி அப்படியே இருந்தது.