ஊறுகாய்க் கடனுக்குச் சீட்டுக் குலுக்கிய கதை

எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. இறால் நிறைய விழும் இடங்களுக்கு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். சீட்டுக் குலுக்கி, இன்று இவன், நாளை அவன் என்று ஊரே பிரித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், அதில் பெண்கள் பெயர் கிடையாது என்பதைத் தவிர.

நான் இறால் ஊறுகாய் போட்டு மீஞ்சூர் வரை கொண்டுபோய் விற்பவள். அடுப்படி போதவில்லை. தனிக் கொட்டகையும் பாட்டில் மூடும் மெஷினும் வேண்டுமென்று பேங்கில் எழுதிப்போட்டேன். சிறுதொழில் கடனுக்கு அரசாங்கமே ஜாமீன், மானியமும் உண்டு என்றார்கள். என் வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் இதை ஊர்க்கூட்டத்தில் பெருமையடித்துவிட்டார்.

"ஏரி கவருமெண்டுது. அத்த பாடு போட்டுதானே புடிக்கிறோம்? மானியமும் கவருமெண்டுதுதானே?" என்றார் ஊர்த் தலைவர்.

கூட்டம் தலையாட்டியது. கடனுக்கும் சீட்டுக் குலுக்கினார்கள். என் ஊறுகாய்க் கடன் பக்கத்து வீட்டுக் கொழுந்தனுக்கு விழுந்தது.

மேனேஜர் இடம் பார்க்க வந்த அன்று, கொழுந்தன் தன் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில் என் வாசலில் நின்றான். பின்னால் தலைவரும் ஊர்க்காரர்களும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நீங்கதான் ஊறுகாய் போடுறவரா?" என்று மேனேஜர் அவனைக் கேட்டார்.

"ஆமா சார்."

"ஒரு கிலோ இறாலுக்கு எவ்வளவு எண்ணெய்?"

அவன் ஏரிப் பக்கம் பார்த்தான். "அத்த அண்ணி பாத்துக்குவாங்க சார்."

"அப்ப நீங்க என்ன செய்வீங்க?"

"நான் கடன வாங்கிக்குவேன் சார்."

மேனேஜர் கவிழ்த்துப் போட்டிருந்த மீன் பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். "விண்ணப்பம் இந்தம்மா பேர்ல இருக்கு. இவங்களுக்குத்தான் தர முடியும்."

"தாராளமா குடுங்க சார்," என்றார் தலைவர். "அவங்க பாடு வரசொல்லோ குடுங்க."

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "மாமா, எம்பேரே சீட்டுல இல்ல. எனக்கு எந்த ஜென்மத்துல பாடு வரும்?"

தலைவர் பிடிவாதக்காரர், ஆனால் நியாயம் தெரிந்தவர். "செரி, இவ பேரையும் போட்டு மறுக்கா குலுக்குவோம். பேங்க்காரரே சாட்சி," என்றார். சாட்சி டீ கிளாஸும் கையுமாக விழித்தார்.

தலைவர் தாளைக் கிழித்தார். பேனாவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"உம்பேரு இன்னாம்மா?"

என் கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுத்தவர் அவர். அன்றிலிருந்து நான் அவருக்கு இன்னான் பெண்டாட்டி, பிறகு இன்னான் அம்மா. என் கோபமெல்லாம் வடிந்து துக்கமாகிவிட்டது. மேனேஜர் விண்ணப்பத்தைப் பார்த்துச் சொல்ல வந்தார். கை காட்டி நிறுத்தினேன். நானே சொன்னேன், படகுத்துறை வரை கேட்கும்படி.

சீட்டு மறுபடியும் கொழுந்தனுக்கே விழுந்தது.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "எம்பாட்ட அண்ணிக்கு வுட்டுத்தரேன். எண்ணெய்க் கணக்கெல்லாம் கேக்கறாரு," என்றான். பாட்டை விட்டுக்கொடுப்பது எங்கள் வழக்கத்தில் உண்டு. ஊர் ஒத்துக்கொண்டது. என் கடனை எனக்கே தானம் செய்த புண்ணியவானுக்கு ஒரு பாட்டில் ஊறுகாய் கொடுத்தேன்.

கடன் என் பெயரில் வந்தது. அந்தப் பெயர் இன்னதென்று ஊருக்குச் சீட்டுக் குலுக்கிய அன்றுதான் தெரிந்தது.