நடுத்தர அளவில் ஒரு கிதார்

அருப்புக்கோட்டையில் ஒரு கடைக்குக் குறைந்த விலையில் கிதார் வாங்கப் போயிருந்தேன். மெல்ல மீட்டவும் ஓங்கி வாசிக்கவும் தோதான நடுத்தர அளவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு லாரி டிரைவர் உள்ளே வந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொப்பை. எதையும் சாண் போட்டு அளக்கிற பழக்கம். கல்லாப்பெட்டியைக்கூட அளந்தார்.

அந்தக் கிதாரையும் அளந்து, "சீட்டுக்குப் பின்னால படுத்துக்கிரும்" என்றார். கடைக்காரரை வாசிக்கச் சொல்லிவிட்டு, ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று கேட்டார். பஸ் இரைச்சலையும் மீறிக் கேட்டிருக்க வேண்டும், சிரித்தபடி திரும்பினார்.

"நல்லா வாசிப்பீகளாண்ணே?" என்றேன்.

"தெரியாது தம்பி. லோடு ஏத்த நாள் பூரா காத்துக் கெடக்கோம்ல, அப்பப் பழகிக்கிருவேன். நீங்க?"

"நானும் இதத்தான் வாங்கலாம்னு இருந்தேன். மூணு மாசமா வீடியோவாப் பாத்து, இந்த அளவுதான் சரின்னு முடிவு பண்ணேன்."

"மூணு மாசமா? அப்ப இது நல்ல சாமானாத்தான் இருக்கும்" என்று அங்கேயே பணத்தைக் கொடுத்துவிட்டார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. பந்தல்குடி ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றால், இப்போதும் பைக்கை மெதுவாக்கிக் காதைத் தீட்டிக்கொள்கிறேன். அவர் பழகியிருப்பாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.