கலங்கலுக்கு அடியில் ஒரு டப்பி

ஒரகடம் பக்கத்து ஏரியில் நான் முதலில் போட்ட டப்பி தண்ணீரில் மிதப்பது. ஏரியை ஒட்டிய மனைப்பிரிவின் காவலாளி அதை எடுத்து முள்ளுக்குள் வீசிவிட்டார். அடுத்ததை அவர் கண்ணில் படாதபடி தண்ணீருக்கு அடியிலேயே போடுவது என்று அன்றே முடிவு செய்தேன்.

உலகம் முழுக்க ஆடுகிற விளையாட்டு இது. ஒரு டப்பியை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் குறியைச் செயலியில் போட வேண்டும். முன்பின் தெரியாத யாரோ தேடி வந்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதி, அதே இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். பரிசு ஒன்றும் கிடையாது. நாள் முழுக்கத் தொழிற்சாலை லைனில் நின்று செல்போன் பாகங்களைப் பூட்டுகிற எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

சுங்குவார்சத்திரத்தில் எங்கள் ஹாஸ்டல். ஞாயிற்றுக்கிழமை வெளியே போக வார்டனிடம் காரணம் சொல்ல வேண்டும். கோயில், சர்ச், துணிக்கடை என்றால் விடுவார். நான் ஏரி என்றேன்.

"ஏரில இன்னா கீது?"

"தண்ணி இருக்கு."

திமிர் என்று ஊரிலிருக்கும் அப்பாவுக்குப் போன் போனது. சங்கரன்கோவில் பக்கம் கிணற்றில் குதித்து வளர்ந்த பிள்ளைக்கு ஏரி என்னத்துக்குப் பயம் என்று அப்பா திருப்பிக் கேட்டுவிட்டார். அதன்பின் வார்டன் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

குளிர்பான பாட்டிலை ஊதிப் பெரிதாக்கும் முன் அது தடித்த சின்னக் குழாயாக இருக்கும். மூடியை இறுக்கினால் தண்ணீர் இறங்காது. அப்படி ஒன்றை வாங்கி, உள்ளே தாளைச் சுருட்டி வைத்து, கல்லைக் கட்டி, அறையிலிருந்த பக்கெட்டில் மூழ்கடித்துப் பார்த்தேன். அரக்கோணத்துக்காரியான என் அறைத்தோழி கத்தினாள்.

"குளிக்கிற பக்கெட்டுல இன்னாடி பண்ணிகினு கீற?"

கத்தினாலும் ஏரிக்குக் கூடவே வந்தாள்.

ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகும் கல்கட்டை இங்கே கலங்கல் என்கிறார்கள். அதன் உட்பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பழைய இரும்பு வளையம் இருந்தது. அதில் நைலான் கயிற்றைக் கட்டிக் குழாயை இறக்கினேன். கயிற்றை இழுத்தால் மேலே வரும். கட்டி முடிப்பதற்கும் காவலாளி வருவதற்கும் சரியாக இருந்தது.

"பொம்பளைங்க தண்ணில எறங்கி இன்னா பண்றீங்க? பிரைவேட் எடம்மா இது."

"ஏரியுமா?"

"ஏரியுந்தான். போர்டு வச்சிகீது பாரு."

கரை மேலேயே பலகை நட்டிருந்தார்கள். அன்று சொட்டச் சொட்ட ஏறிப் போனோம். டப்பி உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது.

சில வாரங்கள் யாரும் வரவில்லை. பிறகு ஒருநாள் டீ இடைவேளையில் போனைப் பார்த்தால் டப்பி கிடைத்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு வந்திருக்கும் வெளிநாட்டுப் பெண் பொறியாளர். அழகான காலை, குளிர்ந்த தண்ணீர் என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி: காவலாளி சல்யூட் அடித்தார், நான் கரையேறும்வரை என் ஷூவை அன்போடு பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று இரவே அந்த வரியைத் தோழிக்குப் படித்துக் காட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான், தோழி, அதே ஹாஸ்டலில் இருந்து லைனில் வேலை செய்யும் இன்னும் இரண்டு பேர் என்று போனோம். காவலாளி கம்போடு வந்தார். நான் செருப்பைக் கழற்றி அவர் முன்னால் நீட்டினேன்.

"போன வாரம் ஒரு அம்மாவுக்கு ஷூவப் பிடிச்சீங்களாம்லா, அண்ணாச்சி. எங்களுக்கும் பிடிங்க."

அவர் முகம் சுருங்கியது. "அவங்க ஃபாரின்காரங்கம்மா."

"நாங்க இந்த நாட்டுக்காரங்க. அப்ப எங்களுக்குக் குனிஞ்சுல்லா சல்யூட் அடிக்கணும்?"

தோழிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் குரல் இறங்கியது. "மேல இருக்கறவங்க சொல்றாங்க. நான் இன்னா பண்றது?"

"அப்ப மேல இருக்கறவர வரச் சொல்லுங்க. நாங்க தண்ணியில இருக்கோம்."

சொன்னபடியே இறங்கி நின்றோம். வெயில் ஏறியபின் மனைப்பிரிவு மேலாளர் காரில் வந்தார். எங்களைப் போனில் படம் எடுத்தார். போலீசைக் கூப்பிடுவேன் என்றார்.

"கூப்பிடுங்க," என்றேன். "ஏரிய உங்களுக்கு எழுதிக் குடுத்த பத்திரத்தையும் எடுத்துட்டு வாங்க."

அவர் காவலாளியைத் திட்டிவிட்டுக் காரைத் திருப்பினார். போலீஸ் வரவில்லை.

படம் மட்டும் எப்படியோ வார்டனுக்கு வந்து சேர்ந்தது. மன்னிப்புக் கேட்டால் இருக்கலாம், இல்லையென்றால் காலி செய்யுங்கள் என்றார். காலி செய்தோம். நான்கு பேரும் சேர்ந்து ஒரு சின்ன வீடு எடுத்திருக்கிறோம். யாரிடமும் காரணம் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறோம். பலகை இன்னும் அங்கேதான் நிற்கிறது. காவலாளி எங்களைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார்.

நீச்சலே தெரியாத என் தோழி இப்போது கழுத்தளவுக்குப் போகிறாள். அங்கே நின்று என்னைத் திட்டுகிறாள்: "டப்பிய இன்னும் உள்ள போட்றதுக்கு இன்னாடி பயம்? வர்றவங்க நல்லா நனையட்டும்!"