தம்பி அனுப்பிய எயார் கிளீனர்

எஞ்சினுக்குக் காற்றை வடித்துக் கொடுக்கும் அந்த எயார் கிளீனரை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கறுப்பும் கிரீசுமாய்க் கிடந்த பழைய மொறிஸ் மைனர் எஞ்சினுக்கு நடுவே, கலியாண வீட்டுச் செம்பு மாதிரி அது மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. கார்க்கார அண்ணை பொனற்றைத் தூக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி வெளியிலையிருந்து அனுப்பினவன், மிஸ்ஸி. நல்லாக் காத்தை இழுக்குமாம். பெற்றோல் மிச்சமாம்" என்றார். மிச்சமா இல்லையா என்று அப்போது ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. பெற்றோல் கேட்ட அளவு கிடைத்த காலம் அது.

நான் மானிப்பாயில் குடியிருந்த குடும்பநல மருத்துவிச்சி; ஊராருக்கு 'மிஸ்ஸி'. மாதத்தில் இரண்டு தரம் புத்தூரில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் கிளினிக் நடக்கும். மருந்துகளை ஐஸ் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். ஐஸ் கரைந்தால் மருந்து பழுதாகிவிடும். அந்த ஓட்டத்துக்கு அண்ணையின் வாடகைக் காரைத்தான் அலுவலகம் ஒழுங்கு செய்திருந்தது. அண்ணைக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தானே வளர்த்து, எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டவர். அவருக்கும் மனைவிக்கும் வேறு பிள்ளைகள் இல்லை. காரோடும்போது அதிகம் கதைக்கமாட்டார். கதைத்தால் அது தம்பியைப் பற்றித்தான் இருக்கும்.

பிறகு தொண்ணூறில் திரும்பச் சண்டை தொடங்கிப் பெற்றோல் வருவது நின்றது. கார்களெல்லாம் மண்ணெண்ணெய்க்கு மாறின. சேலைன் குழாய் வழியாகக் கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டவிட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பிவிடுவார்கள். கிளினிக் ஓட்டத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது ஆறு போத்தல் மண்ணெண்ணெய். அதே மாதிரிக் கார் வைத்திருந்தவர்கள் ஐந்து போத்தலில் போய் வந்தார்கள். எங்கள் காருக்கு ஆறும் போதவில்லை. பின்னால் எழும் கரும்புகையில் சைக்கிளில் வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுவார்கள்.

காரணத்தைக் கார் திருத்தும் கராச்சுக்காரர் ஒருவர் என் முன்னாலேயே சொன்னார். பழைய எயார் கிளீனருக்கு ஒரு மூக்கு உண்டு; அது சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்தில் நின்று வெதுவெதுப்பான காற்றை இழுக்கும். மண்ணெண்ணெய் ஆவியாகி எரிவதற்கு அந்தச் சூடு வேண்டும். "இது திறந்த வாய், அண்ணை. பச்சைக் காத்தைக் குடிக்குது. எண்ணெயிலை பாதி எரியாமலே புகையாப் போகுது. பழசைப் பூட்டுங்கோ." அண்ணை தலையாட்டினார். பழையது அவர் வீட்டில் பத்திரமாக இருந்தது. ஆனால் அடுத்த கிளினிக்குக்கும் செம்பு மினுங்கிக்கொண்டுதான் வந்தது.

கார்த்திகை மாதத்து மழை நாளொன்றில், நீர்வேலி தாண்டியதும் எஞ்சின் இருமி இருமி நின்றது. குளிர்ந்த காற்றில் அது திரும்ப எழும்பவேயில்லை. சொட்டவிட வைத்திருந்த பெற்றோலும் முடிந்துபோனது. புத்தூரில் தாய்மார் பிள்ளைகளோடு காத்திருப்பார்கள். சைக்கிளில் வந்த தோட்டக்காரர் ஒருவரை மறித்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் என்னைக் கரியரில் ஏற்றினார். ஐஸ் பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டு, தெப்பமாக நனைந்தபடி போய்ச் சேர்ந்தேன். மூடியைத் திறந்தபோது ஒரு கைப்பிடி ஐஸ் மிஞ்சியிருந்தது. முதல் பிள்ளையின் வாயில் போலியோச் சொட்டு விழுந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பின்னேரம் யாரோ கொடுத்த பெற்றோலில் காரை எழுப்பிக்கொண்டு அண்ணை வந்தார். நான் பொரிந்து தள்ளினேன். "ஒரு மினுக்கத்துக்காக இத்தனை பிள்ளையளின்ரை மருந்தைப் பழுதாக்கப் பாத்தீங்களே! உதைக் கழட்டி எறியுங்கோ."

அவர் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உது அனுப்பினதுக்குப் பிறகு அவன்ரை கடிதம் ஒண்டும் இல்லை, மிஸ்ஸி. மூண்டு வருசமாகுது. கழட்டக் கை வருகுதில்லை."

தம்பியைப் பற்றிப் பழைய கதைகளையே அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்ததன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு எயார் கிளீனர் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. வீட்டு விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் ஒரு போத்தலைக் கிளினிக் நாட்களில் என் பையில் வைத்துக்கொண்டேன்.

மாசி கடைசியில் ஒரு கிளினிக் நாள், மத்தியானம். அண்ணை அறைக்குள் வந்து ஒரு கடித உறையை நீட்டினார். தரைப்பாதை அடைபட்டதால் கொழும்பிலிருந்து கிளாலிக் கடலில் வள்ளமேறி வந்த யாரோ கொண்டுவந்து கொடுத்தது. "எழுத்து அவன்ரைதான். எனக்கு உடைக்கப் பயமாக் கிடக்கு. நீங்கள் வாசியுங்கோ."

நான் வாசித்தேன். தம்பி உயிரோடு இருந்தான். நாடு மாறிப் போகும் வழியில் பிடிபட்டு, முகாமில் கிடந்து, இப்போதுதான் விசா கிடைத்திருக்கிறது. எழுதிய கடிதங்கள் ஒன்றுமே வந்து சேரவில்லை. கடைசியில் இப்படி எழுதியிருந்தான்: "அண்ணை, நான் இப்ப ஒரு கராச்சிலை வேலை. அப்ப விளங்காமல் அந்த எயார் கிளீனரை அனுப்பிப்போட்டன். அது சத்தத்துக்குத்தான் நல்லம், எண்ணெய் மிச்சம் வராது. அங்கை மண்ணெண்ணெயிலை ஓடுறியளெண்டு கேள்விப்பட்டன். உடனை கழட்டிப்போட்டுப் பழசைப் பூட்டுங்கோ."

அந்த இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு இன்னொரு தரம். பிறகு வாங்கில் உட்கார்ந்து, சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சால்வையை எடுத்தபோது கண் நிறைய நீர், வாய் நிறையச் சிரிப்பு. "உவனைப் பாத்தீங்களே மிஸ்ஸி! உயிரோடை இருந்துகொண்டு எனக்குப் புத்தி சொல்லுறான்."

இன்று அந்த வீதியில் சந்திக்குச் சந்தி பெற்றோல் செட் இருக்கிறது. புத்தூருக்குப் போய் வர எவ்வளவு எண்ணெய் முடியும் என்று யாரும் போத்தல் கணக்குப் பார்ப்பதில்லை. அன்றைக்குத் திரும்பும் ஓட்டத்துக்கு எங்களிடம் மிஞ்சியிருந்தது மூன்று போத்தலும் என் பையில் இருந்த ஒன்றும். திரும்பி வரும் வழியில் சிறுப்பிட்டி, நீர்வேலி, கோப்பாய் என்று தெரிந்த முகம் கண்ட இடமெல்லாம் அண்ணை காரை நிறுத்தி, "தம்பியின்ரை கடிதம் வந்திருக்கு!" என்று கூவினார். நிறுத்தினால் திரும்ப எழுப்பப் பெற்றோல் வேண்டுமென்று எஞ்சினை ஓடவிட்டபடியே நின்று கதைத்தார். மண்ணெண்ணெய் கரும்புகையாகப் போய்க்கொண்டேயிருந்தது. நான் கடைசிப் போத்தலைப் பையிலிருந்து எடுத்து, அவர் கைக்கு எட்டும்படி முன் சீற்றில் வைத்தேன்.